நாக்கு ஏன் மன்னிப்பதில்லை?

என் பெரியம்மாவுக்கு நாசி லெமாக் என்றால் உயிர். கீமோ சிகிச்சைக்குப் போகும் நாள்களில், தெம்பாக இருக்கட்டுமே என்று காலையில் நான்தான் வாங்கிக் கொடுப்பேன். இப்போது அவர் நலமாக இருக்கிறார். ஆனால் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலே குமட்டுகிறது என்கிறார். குமட்டலுக்குக் காரணம் மருந்துதான், சாப்பாடு அல்ல என்பது அவருக்கே தெரியும். பிறகு ஏன் இந்த வெறுப்பு?

இதற்கான விடை எலிகளிடமிருந்து கிடைத்தது. 1955-இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியாவும் அவருடைய சகாக்களும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் கொடுத்து, கதிர்வீச்சுக்கு உட்படுத்தினார்கள். கதிர்வீச்சு உடலைக் கெடுத்தது. பழியோ இனிப்பு நீரின்மேல் விழுந்தது. பிறகு அந்த எலிகள் அதைத் தவிர்த்தன.

1966-இல் இன்னொரு சோதனை நடந்தது. எலிகள் இனிப்பு நீரைக் குடிக்கும்போதே வெளிச்சமும் சத்தமும் எழுந்தன. பின்னர் நோயுற்ற எலிகள் சுவையை வெறுத்தன. மின்னதிர்ச்சி பெற்ற எலிகள் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் அஞ்சின. வயிற்றுக் கோளாறு என்றால் மூளை முதலில் சந்தேகிப்பது சாப்பாட்டைத்தான். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து நோய் வந்தாலும், ஒரே அனுபவத்தில் இந்தப் பாடம் பதிந்துவிடும். காட்டில் நஞ்சுண்டு பிழைத்த விலங்குக்கு இது உயிர்காக்கும் அறிவு. நோயாளிக்கோ இதுவே இடைஞ்சல்.

1978-இல் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கு, மருந்து ஏற்றுமுன் புதுச்சுவை ஐஸ்கிரீம் கொடுத்தார். பின்னர் பெரும்பாலான குழந்தைகள் அதை ஒதுக்கினர். புதிய சுவையில் இந்த வெறுப்பு எளிதில் ஒட்டிக்கொள்ளும். பழகிய உணவையும் அது விட்டுவைப்பதில்லை.

இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். 1987-இல் வெளிவந்த ஆய்வில், உணவுக்கும் மருந்துக்கும் இடையில் குழந்தைகளுக்கு வித்தியாசமான சுவையுள்ள மிட்டாய் கொடுக்கப்பட்டது. பழியை மிட்டாய் ஏற்றுக்கொண்டது. சாப்பாட்டின்மேல் வெறுப்பு குறைந்தது.

ஆகவே, வீட்டில் யாரேனும் கீமோ சிகிச்சை எடுத்தால், அவருக்கு மிகவும் பிடித்த உணவைச் சிகிச்சைக்குச் சற்று முன்பு கொடுக்காதீர்கள். உடல் தேறியிருக்கும் நாளுக்கு அதை எடுத்து வையுங்கள். அன்று என்ன சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேளுங்கள். நோயாளி தட்டை ஒதுக்கினால், "வேண்டுமென்றே அடம் பிடிக்கிறார்" என்று கோபிக்காதீர்கள்.

இது எனக்கு அன்றே தெரிந்திருந்தால், பெரியம்மாவின் நாசி லெமாக் தப்பித்திருக்கும்.