நாய்க்குட்டிக்கு நல்லாசிரியர்

கடலூரிலும் சிதம்பரத்திலும் நாய் வளர்ப்பது பழைய வழக்கமேயாயினும், கொல்லைப்புறத்தில் சங்கிலியில் கட்டி, மிஞ்சிய சோற்றை வைத்து, இரவுக் காவலுக்கு மட்டும் அவிழ்த்துவிட்ட முறை இன்று பெரிதும் மாறி, மாடி வீடுகளிலும் வாடகைக் குடியிருப்புகளிலும் குழந்தைகளோடும் முதியோரோடும் ஒரே கூரையின் கீழ் நாய் வாழும் நிலை தோன்றியுள்ளது. காவல் நாய்க்குக் குரைக்கத் தெரிந்தால் போதும் என்று கருதப்பட்டது. கூடத்தில் வாழும் நாய்க்கோ சிறுநீர் கழிக்கும் இடம் தெரிய வேண்டும், விருந்தினர் மீது தாவாதிருக்க வேண்டும், அழைத்தால் வர வேண்டும், குழந்தையின் கையைப் பல்லால் பற்றாதிருக்க வேண்டும். இவற்றைக் கற்பிக்கத் தொழில்முறைப் பயிற்சியாளரை நாடும் வீட்டார் முதலில் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கால்நடை மருத்துவர் 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டத்தின்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். நாய்ப் பயிற்சியாளருக்கோ அத்தகைய கட்டாயப் பதிவு எதுவும் இந்தியாவில் இல்லை. கையில் ஒரு வாரும் பையில் கொஞ்சம் தீனியும் வைத்திருக்கும் எவரும் தம்மைப் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆகவே அவரது தகுதியைத் தேர்ந்தறியும் பொறுப்பு, குட்டியைக் கையில் ஏந்தி நிற்கும் வீட்டாருடையதாகிறது.

இத்தேர்வைத் தள்ளிப்போட முடியாது என்பதற்கு உயிரியல் காரணம் உண்டு. அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஸ்காட், புல்லர் என்னும் இரு அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து, 1965ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலத்தை நாயின் சமூகப் பழகுபருவம் என விளக்கினர். இப்பருவத்தில் அச்சமின்றிக் கண்டும் கேட்டும் முகர்ந்தும் பழகியவற்றை நாய் வாழ்நாள் முழுவதும் இயல்பானவையாக ஏற்கிறது என்பது இதன் பொருள். அதற்கு முன்னர் 1961ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், மனிதத் தொடர்பே இல்லாமல் பதினான்கு வாரம் வரை வளர்க்கப்பட்ட குட்டிகள் பின்னர் எவ்வளவு பழக்கியும் காட்டு விலங்குகளைப்போல மனிதரைக் கண்டு மிரண்டன. எட்டு வாரத்திற்கு உட்பட்ட குட்டியை விற்கலாகாது என்பது 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின் கட்டளை. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்க வேண்டிய வாரங்கள் அவை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், புதிய வீட்டாருக்குக் கிடைக்கும் பழகுபருவம் ஏறத்தாழ நான்கு வாரக் காலந்தான் என்பது விளங்கும். ஆறு மாதம் ஆகட்டும், பிறகு பயிற்சிக்கு விடலாம் என்னும் பரவலான அறிவுரை, மிக மதிப்புள்ள இந்த வாரங்களை வீணாக்கிவிடுகிறது.

தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியை வெளியே கொண்டுசெல்லக் கூடாது என்னும் அச்சமும் இங்கே குறுக்கிடும். பார்வோ என்னும் கடும் குடல்நோயும் டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோயும் குட்டிகளைக் கொல்லக்கூடியவை என்பதால் அந்த அச்சம் நியாயமானதே. எனினும், விலங்கு நடத்தையியலில் ஈடுபடும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட நிலைப்பாட்டில், முதல் தவணைத் தடுப்பூசி போட்டு ஏழு நாள் கழிந்தபின், தூய்மையான இடத்தில், நோயற்ற குட்டிகளோடு பழகத் தொடங்கலாம் என்றும், பழகாமையால் பின்னாளில் தோன்றும் நடத்தைக் கோளாறுகளும் நாயின் உயிருக்கே உலை வைக்கக்கூடியவை என்றும் எடுத்துரைத்தது. தெரு நாய்கள் நடமாடும் மண்ணில் குட்டியை இறக்கிவிடாமல், தோளில் ஏந்தியபடியோ கூடையில் வைத்தபடியோ கடைத்தெருவைக் காட்டுவது இரண்டு ஆபத்துகளையும் ஒருங்கே தவிர்க்கும் எளிய வழியாகும். முதற்சந்திப்பிலேயே தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பார்க்காத பயிற்சியாளர், அடிப்படை ஒன்றில் தவறியவர் ஆகிறார்.

குட்டி எதற்கெல்லாம் பழக வேண்டும் என்பதை அது வாழப்போகும் ஊரே முடிவு செய்கிறது. சிதம்பரத்தின் தேர் வீதிகளை அடுத்த வீடுகளில் வளரும் நாய், ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் திரளும் கூட்டத்தையும், தவில், நாகசுரம், சங்கு ஆகியவற்றின் முழக்கத்தையும் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும். கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் மாசி மகத்தன்று சுவாமிகள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு எழுந்தருளும்போதும் அவ்வாறே. இவற்றோடு தீபாவளி வெடியும், வடகிழக்குப் பருவமழையின் இடியும், 2011ஆம் ஆண்டின் தானே போன்ற புயல்களின் காற்றொலியும் சேரும். நல்ல பயிற்சியாளர் இவ்வோசைகளை அலைபேசியில் மிக மெல்லிய ஒலியில் ஒலிக்கவிட்டு, அதே வேளையில் குட்டிக்கு உணவு தருவார். குட்டி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் உண்ணுமாயின் மறுநாள் ஒலியைச் சிறிதே கூட்டுவார். உண்பதை நிறுத்திக் காதுகளைப் பின்னுக்கு மடக்குமாயின் உடனே குறைப்பார். ஒலியின் அளவைக் குட்டியே நிர்ணயிக்கிறது என்பதுதான் இம்முறையின் உயிர்நாடி.

இம்முறைக்கு அடிப்படையான கொள்கை, ஆசிரியர் பயிற்சி மாணவர் அனைவரும் படிக்கும் ஆக்கநிலையிறுத்தம் ஆகும். உணவுக்கு முன் ஓர் அடையாளத்தைத் திரும்பத் திரும்ப அளித்தால், பின்னர் அந்த அடையாளம் மட்டுமே நாயின் வாயில் உமிழ்நீரை ஊறச் செய்யும் என்று, செரிமான ஆய்வுகளுக்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் பாவ்லவ் காட்டினார். ஒரு செயலின் விளைவு இனிதாயின் அச்செயல் மீண்டும் நிகழும், இன்னாததாயின் குறையும் என்னும் செயல்படு ஆக்கநிலையிறுத்தத்தை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் விரித்துரைத்தார். உட்காரக் கற்பிக்கும் காட்சியில் இரண்டையும் அருகிலிருந்து காணலாம். விரல்களுக்கிடையே பட்டாணி அளவில் கிள்ளிய வெந்த கோழித்துண்டைக் குட்டியின் மூக்கருகே காட்டி, அதை மெல்ல உச்சந்தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்தினால், மூக்கு மேலெழ, பின்புறம் தானாகவே தரையில் படிகிறது. படிந்த அக்கணமே “சபாஷ்” என்னும் ஒரே சொல்லைக் கூறித் துண்டை அளிக்க வேண்டும். சில நொடிகள் தாழ்த்தினால், குட்டி அதற்குள் எழுந்து நின்றிருக்குமாதலால், எழுந்ததற்கே பரிசு கிடைத்ததாக அது கற்றுக்கொள்ளும். முதுகை அழுத்தி உட்கார வைக்கும் பயிற்சியாளருக்கும், காலம் தவறாமல் பரிசளித்து உட்கார வைக்கும் பயிற்சியாளருக்கும் உள்ள தூரம் இந்தச் சில நொடிகளில் வெளிப்பட்டுவிடும்.

வலியால் பணிய வைக்கும் முறைக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மனியில் காவல் நாய்களையும் போர் நாய்களையும் பழக்கிய கான்ராட் மோஸ்ட் 1910ஆம் ஆண்டு வெளியிட்ட கையேடு, கட்டாயப்படுத்துதலைப் பயிற்சியின் முக்கியக் கருவியாக்கியது. 1947ஆம் ஆண்டு ருடால்ப் ஷெங்கல் என்பவர், அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து, கூட்டத்தின் தலைமை ஓநாய் பிறவற்றை அடக்கி ஆள்கிறது, ஆகவே வீட்டிலும் மனிதன் நாயை அடக்கியாள வேண்டும் என்னும் கருத்து பரவியது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் தாமே 1970ஆம் ஆண்டு நூலில் அக்கருத்தைப் பரப்பியிருந்தும், இயற்கைச் சூழலில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று கண்டு, 1999ஆம் ஆண்டுக் கட்டுரையில் அதைத் திருத்தினார். மூலம் திருத்தப்பட்ட பின்னும், குட்டியை மல்லாத்தி அழுத்திப் பிடித்து யார் தலைவர் என்று காட்டச் சொல்வோர் இன்றும் இருக்கின்றனர்.

போர்ச்சுகலில் ஏழு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்களை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டது. தண்டனையைப் பெரிதும் கையாளும் பள்ளிகளின் நாய்கள் பயிற்சியின்போது உதட்டை நக்குதல், கொட்டாவி விடுதல், உடலைத் தாழ்த்துதல் ஆகிய பதற்றக் குறிகளை மிகுதியாகக் காட்டின. பயிற்சிக்குப்பின் அவற்றின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் மன அழுத்தச் சுரப்பும் கூடுதலாக உயர்ந்திருந்தது. ஒரு பக்கம் வைத்தால் தீனி உள்ள கிண்ணம், மறுபக்கம் வைத்தால் வெறுங்கிண்ணம் என்று கற்பித்தபின், இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் கிண்ணத்தை வைத்தபோது, மிகுதியாகத் தண்டிக்கப்பட்ட நாய்கள் தயங்கித் தயங்கியே அதை அணுகின; அதாவது, நல்லது கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பே அவற்றிடம் குறைந்திருந்தது. மின்னதிர்வு தரும் கழுத்துப்பட்டைகளை வேல்ஸ் நாடு 2010ஆம் ஆண்டே தடை செய்தது. இந்தியாவிலும் விலங்கைத் தேவையற்ற வலிக்கு உள்ளாக்கும் வகையில் அடிப்பதும் உதைப்பதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமாகும். பயிற்சி என்னும் பெயர் அதற்கு விலக்காகாது.

பயிற்சியாளரைத் தேடும் வீட்டார் முதலில் அணுகத் தக்கவர், குட்டிக்குத் தடுப்பூசி போடும் கால்நடை மருத்துவரே. எவரிடம் சென்ற நாய்கள் பின்னர் ஊசிக்கு அஞ்சாமல் மேசைமேல் நிற்கின்றன, எவரிடம் சென்றவை கைபட்டாலே உறுமுகின்றன என்பதை அவர் நாள்தோறும் காண்கிறார். குட்டி திடீரெனக் கடிக்கத் தொடங்கினாலோ வீட்டுக்குள் ஓயாமல் சிறுநீர் கழித்தாலோ, அது பழக்கக் குறையா, வலியின் அல்லது நோயின் விளைவா என்பதை மருத்துவர் பார்த்த பிறகே பயிற்சியாளரை அழைப்பது முறை. அண்டையிலுள்ள புதுச்சேரியின் குரும்பாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனம் இயங்குவது, கடலூர் வாசகர்களுக்கு மேல் ஆலோசனை பெறக் கிட்டிய வாய்ப்பாகும்.

காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றோரிடம் குட்டியை ஒப்படைக்க விரும்புவோரும் உண்டு. நாயின் உடல்மொழியை ஆண்டுக்கணக்கில் கண்ட அனுபவம் மதிப்புக்குரியதே. ஆயினும் மோப்பம் பிடித்துத் துப்புத் துலக்கும் வேலை வேறு, பேரக் குழந்தையின் கையிலிருக்கும் முறுக்கைப் பறிக்காதிருக்கும் அடக்கம் வேறு. அதே வேளையில், காவல்துறையிடம் வீட்டார் கற்க வேண்டிய பெரும்பாடம் ஒன்றும் உண்டு. அங்கே நாய் தனியாகப் பயிற்சிக்கு அனுப்பப்படுவதில்லை. அதைக் கையாளப்போகும் காவலரும் உடன் பயில்கிறார், இருவரும் ஓரிணையாகவே தேறுகின்றனர். குட்டியை ஒரு மாதம் தங்கவிட்டுச் செல்லுங்கள், பழக்கித் திருப்பித் தருகிறோம் என்னும் ஏற்பாட்டில் இந்த இணை அறுந்துவிடுகிறது. குட்டி அந்த இடத்தில் அந்த மனிதருக்குக் கீழ்ப்படியக் கற்கும், வீட்டாரோ எதையும் கற்றிருக்கமாட்டார்கள். பழகுபருவத்தின் எஞ்சிய வாரங்களும் வீட்டுக்கு வெளியே கழிந்துபோகும்.

ஒருவரை அமர்த்தும் முன், அவர் வேறொரு நாய்க்குப் பயிற்சி தரும்போது அருகிருந்து பார்ப்பதே சிறந்த தேர்வு. பார்க்க இசையாதவரை நீக்கிவிடலாம். பார்க்கும்போது பயிற்சியாளரை விட நாயைக் கவனிக்க வேண்டும்: அவர் வந்ததும் வாலைத் தளர்வாக ஆட்டியபடி ஓடிவருகிறதா, அல்லது வாலைக் கால்களுக்கிடையே மடக்கி முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? அடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாலே போதும்: சொன்னதைக் குட்டி செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள்? பாடத்தை இன்னும் எளிதாக்குவேன், இடையூறு குறைந்த இடத்துக்கு மாற்றுவேன், அதற்குப் பசியா களைப்பா என்று பார்ப்பேன் என்பன நல்ல விடைகள். செயினைச் சுண்டி இழுப்பேன் என்பது விடைபெற்றுக்கொள்ள வேண்டிய விடை. பத்தே நாளில் முழுப் பயிற்சி என்று உறுதியளிப்பவரையும் நம்பலாகாது, ஏனெனில் இரண்டு மாதக் குட்டியின் கவனம் ஒரு வேளைக்குச் சில நிமிடங்களே நிலைக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் பயிற்சி நேரத்தை அதிகாலைக்கோ பொழுது சாய்ந்த பின்னரோ மாற்றுபவரா, புறங்கையைத் தார்ச்சாலையில் சில நொடிகள் வைத்துச் சூடு பார்த்தபின் குட்டியை நடத்துபவரா என்பதும் காணத் தக்கது. இனமறிந்து பேசுகிறாரா என்பதையும் நோக்க வேண்டும்: சிப்பிப்பாறை, கன்னி போன்ற தமிழ்நாட்டு வேட்டை இனங்கள் ஓடும் பொருளைக் கண்டதும் துரத்தும் இயல்பின, அவற்றின் துரத்தலைப் பிடிவாதம் என்று தண்டிப்பவர் அந்த இனத்தை அறியாதவர்.

பயிற்சியாளர் வாரத்தில் ஓரிரு மணி நேரமே வருவார். எஞ்சிய நேரமெல்லாம் குட்டிக்கு வீடே பள்ளிக்கூடம். தந்தை “சிட்” என்றும், தாய் “உட்கார்” என்றும், பாட்டி “ஒக்காருடா கண்ணு” என்றும் சொல்லும் வீட்டில், மூன்று வெவ்வேறு ஓசைகளைக் கேட்கும் குட்டி எதையும் கற்காது. ஆகவே சொற்களை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டச் சொல்லும் பயிற்சியாளர் தம் தொழிலறிந்தவர். 28 பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும் மூன்று முதல் ஏழு மாத வயதில் குட்டி கடிப்பது ஈற்றின் அரிப்பால் என்றும், கையை இழுத்துக்கொண்டு மெல்லும் பொம்மையைக் கொடுக்க வேண்டும் என்றும், உறங்கி எழுந்ததும் உண்டதும் விளையாடியதும் உடனே வெளியே கொண்டுசென்றால் வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது தானே குறையும் என்றும் அவர் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டும். பரிசாகக் கண்டதையெல்லாம் ஊட்டலாகாது, உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியதாதலால் பாயசமும் சர்க்கரைப் பொங்கலும் விலக்கு என்பதைப் பாட்டியிடம் பொறுமையாக எடுத்துச்சொல்வதும் அவரது பாடத்தில் அடங்கும்.

தேர்வுக்குழு இல்லாத இத்தொழிலில், பயிற்சியாளர் எதிரில் நிற்கும்போது குட்டி காட்டும் வித்தைகளைக் கொண்டு மதிப்பெண் இட முடியாது. அவர் வராத ஒரு நாளில், வீதியில் தவில் முழங்கிக்கொண்டிருக்கையில், வீட்டில் மிக மெல்லிய குரல் உடையவர் “வா” என்று அழைக்க, குட்டி ஓசையை ஒரு கணம் செவிமடுத்துவிட்டு, வால் தளர்ந்தாட அவரிடம் திரும்பி வருமானால், அதைப் பழக்கிய ஆசிரியர் தேறினார் என்று அந்த வீட்டார் ஐயமின்றிக் கொள்ளலாம்.