வோக்கியில் எழுத்துக் கூட்டுவது

யாழ்ப்பாணத்தில் கே.கே.எஸ். என்றால் காங்கேசன்துறை, கே.கே.டி. என்றால் குறிகட்டுவான். ஒன்று குடாநாட்டின் வடகரைத் துறைமுகம். மற்றது புங்குடுதீவின் மேற்குக் கரையில், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறும் இறங்குதுறை. நேரில் நின்று கதைக்கும்போது இரண்டையும் யாரும் குழப்புவதில்லை. வோக்கி-டோக்கியில் கடைசி எழுத்து காற்றில் அடிபட்டுப் போனால் மிஞ்சுவது "கே.கே." மட்டும்தான். உதவிக்கு வருகிறவர் எந்தப் பக்கம் திரும்புவார்? "கிலோ கிலோ டெல்ட்டா" என்று சொல்லியிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. டெல்ட்டாவில் பாதி கரைந்து போனாலும் மிச்சப் பாதி எவர் காதிலும் எஸ்ஸுக்குரிய சியராவாக விழாது.

மண்கும்பான், வேலணை, அல்லைப்பிட்டிப் பக்கத்திலிருந்து கடற்றொழிலுக்குப் போகிறவர்கள், ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக உள்ள இப்படியான இருபத்தாறு சொல்லையும் வடிவாகப் பழகிவிட வேண்டும் என்பது என் ஆசை. கெதியில் பழகலாம், வழி மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

ஏன் தேவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வோக்கி எங்கள் குரலை முழுதாகக் கொண்டுபோவதில்லை. ஏறக்குறைய 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிதான் மறுபக்கம் போய்ச் சேரும். எஃப், எஸ் போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால், அது வழியிலேயே வெட்டுப்பட்டுவிடும். அதற்கு மேல் எஞ்சின் இரைச்சல், சோளகக் காலமென்றால் மைக்கில் மோதும் காற்று. தமிழருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் எங்கள் கையெழுத்தில் ஒரே 'பி'. நாலாம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் ஒரே 'டி'. கேட்டவர் தமிழில் குறித்து வைத்தால், எது வந்தது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. பிராவோ, பப்பா, டெல்ட்டா, டேங்கோ என்று எழுதி வைத்தால் நாலும் நாலாகவே நிற்கும்.

எழுத்தை அதன் கூட்டாளியோடு சேர்த்துச் சொல்லும் பழக்கம் எங்களுக்குப் புதிதுமில்லை. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அதைத்தான்.

இன்றைய பட்டியல் எளிதில் வந்ததல்ல. மொன்றியல் பல்கலைக்கழக மொழியியலாளர் ஜான் போல் வினே ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிய மொழி பேசுவோருக்குப் பொதுவான சொற்களைத் தேடினார். அவற்றைக் கொண்ட பட்டியல் 1951 நவம்பரில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வழியாக நடைமுறைக்கு வந்தது. மேலும் சோதித்து ஐந்து எழுத்துகளின் சொற்களை மாற்றினார்கள். சார்லி, மைக், நவம்பர், யூனிஃபார்ம், எக்ஸ்ரே அப்போது வந்தவை. 1956 மார்ச் 1 முதல் இதே பட்டியல்தான். ஆகவே சொந்தமாக ஒரு சொல்லை வைத்துக்கொள்ள வேண்டாம். 'ஜூலியெட்' இருக்கும் இடத்தில் 'ஜக்கெற்' என்றால் எங்கள் ஊராருக்கு விளங்கும். தூரத்துக் கப்பலில் இருப்பவர் ஒரு கணம் தடுமாறுவார்.

இனிப் பழகும் முறை. ஆல்ஃபாவில் தொடங்கி வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள். அப்படிப் படித்தவருக்கு வரிசை வரும், எழுத்து வராது. 'ஆர்' என்று கேட்டால் முதலிலிருந்து ஓடிவந்துதான் ரோமியோவைப் பிடிப்பார். உங்கள் படகிலிருந்து தொடங்குங்கள். வெளியே எஞ்சின் பூட்டிய எங்கள் ஃபைபர் படகுகளின் பதிவு ஓ.எஃப்.ஆர்.பி. என்று தொடங்கும். பிறகு ஏ., அதன்பின் இலக்கம், கடைசியில் ஜே.எஃப்.என். வோக்கியில் அது "ஆஸ்கர் ஃபாக்ஸ்ட்ராட் ரோமியோ பப்பா, ஆல்ஃபா", பிறகு இலக்கம், பிறகு "ஜூலியெட் ஃபாக்ஸ்ட்ராட் நவம்பர்". இதை வலை ஏற்றும்போதும் இறக்கும்போதும் வாய்விட்டுச் சொன்னால் ஏழு எழுத்து கைக்கு வந்துவிடும். முன்பு சொன்ன இரண்டு துறைகளும் கிலோ, டெல்ட்டா, சியரா மூன்றையும் தருகின்றன. இந்தக் கடலில் கண்ணில் படும் ராமேஸ்வரம் விசைப்படகுகளில் ஐ.என்.டி., டி.என்., 10, எம்.எம். என்று எழுதியிருக்கும். அதில் புதிதாக இந்தியா, டேங்கோ, மைக். பட்டியலில் பாதி இப்போதே முடிந்துவிட்டது! பலநாள் படகுகளின் ஐ.எம்.யூ.எல். என்ற தலைப்பு யூனிஃபார்மையும் லீமாவையும் சேர்க்கும்.

பிராவோவையும் விக்டரையும் ஒரு பெண்ணின் அழைப்புக்குறியோடு நினைவில் வையுங்கள். 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது, பாரதி பிரசாத் தன் அமெச்சூர் வானொலிக் குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேயரில் இருந்தார். தொலைபேசி அறுந்துபோன தீவிலிருந்து அவர்களின் வானொலி வழியாகத்தான் பலருடைய செய்தி வெளியே போனது. அவருடைய குறி "விக்டர் யூனிஃபார்ம் ஃபோர் ரோமியோ பிராவோ இந்தியா". தீவில் இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

மிச்சம் ஒன்பது. சார்லி, எக்கோ, கோல்ஃப், ஹோட்டல், எக்ஸ்ரே ஐந்தும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். கெபெக், விஸ்கி, யாங்கி, ஸூலு நாலையும்தான் வற்புறுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு மண்கும்பான் பஸ் தரிப்பிடம் நல்ல இடம். குறிகட்டுவானுக்குப் போகும் 776 பஸ்ஸும் போகிற வருகிற மோட்டார் சைக்கிள்களும் வேண்டிய அளவு இலக்கத் தகடு காட்டும். ஒவ்வொன்றையும் அது கடந்து போவதற்குள் சொல்லி முடிக்கப் பாருங்கள். பிறகு திருப்பிப் பழகுங்கள். ஒருவர் சொற்களைச் சொல்ல, மற்றவர் முதுகைக் காட்டியிருந்து எழுத்தாக எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தப் பாதியைத்தான். சொல்ல வருகிறவருக்கெல்லாம் கேட்க வருவதில்லை.

இலக்கங்களில் கூடுதல் கவனம் வேண்டும். எங்கள் பேச்சில் 'ஒம்பது' என்பதும் 'ஐம்பது' என்பதும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். அதனால் 50 என்பதை "ஐந்து, பூச்சியம்" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்திலும் இதே தொல்லை இருப்பதால்தான் அங்கே மூன்றை 'ட்ரீ' என்றும், ஐந்தை 'ஃபைஃப்' என்றும், ஒன்பதை 'நைனர்' என்றும் சொல்ல வைத்திருக்கிறார்கள். எங்களுக்குள் தமிழ் இலக்கம் போதும். கடற்படையோடோ கப்பலோடோ என்றால் ஆங்கில இலக்கம்.

கதைக்கும்போது காற்றுக்கு முதுகைக் கொடுங்கள். மைக்கை வாயோடு ஒட்டாமல் நாலைந்து விரல் தள்ளிப் பிடியுங்கள். பொத்தானை அமத்தி ஒரு மூச்சு பொறுத்துத் தொடங்குங்கள். உடனே தொடங்கினால் முதல் எழுத்து வெட்டுப்படும். முதலில் சொல்லை முழுதாகச் சொல்லி, "எழுத்துக் கூட்டுறன்" என்று அறிவித்து, எழுத்துகளைச் சீராக விட்டுவிட்டுச் சொல்லி, சொல்லை மறுபடி ஒருமுறை சொல்லி, "ஓவர்" என்று பொத்தானை விடுங்கள். கேட்டவர் எழுத்துகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொல்லும்வரை செய்தி போய்ச் சேரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டவும் கூடாது. 'நெடுந்தீவு' என்றால் நெடுந்தீவுதான். படகுப் பதிவு, சுருக்கப் பெயர், தெரியாத ஆளின் பெயர் ஆகியவற்றுக்குத்தான் இந்த முறை.

ஆபத்தென்றால் கடல் வீ.எச்.எஃப். கருவியில் 16ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். "மேடே" மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, பதிவு எழுத்துக் கூட்டி ஒருமுறை, பிறகு இருக்குமிடம், நடந்தது, படகில் எத்தனை பேர், என்ன உதவி வேண்டும், ஓவர். நெடுந்தீவிலிருந்து மண்கும்பான் வரை எங்கு நின்றாலும் ஜி.பி.எஸ். வடக்கே 9 பாகை, கிழக்கே 79 பாகை என்றுதான் காட்டும். இடத்தைப் பிரித்துக் காட்டுவது அதன் பின்னால் வரும் கலைகள். அவற்றை ஒவ்வொரு இலக்கமாக, அவசரப்படாமல், இரண்டு தடவை சொல்லுங்கள்.

கருவிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அதை முதலே எடுத்துவிடுங்கள். பிறகு கருவி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், படகின் உள்பக்கப் பலகையில், உங்கள் பதிவின் சொற்களைத் தமிழில் பெயின்ற்றால் பெரிதாக எழுதுங்கள். அன்றைக்குப் படகில் இருப்பது புதுப் பையனாக இருந்தாலும், அவன் அதைப் பார்த்து வாசித்தால் போதும்.