ஏற்காட்டில் குறட்டை

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் தேடிப் போவது நல்ல தூக்கத்தை. ஃபேன்கூட வேண்டாம், கம்பளி போதும். ஆனால், உடல் பருத்து, குறட்டையும் விடுகிறவருக்கு அந்தத் தூக்கம் அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை.

“மனுஷன் எப்படி நிம்மதியாத் தூங்கறார் பாரு” என்று குறட்டைக்குச் சான்றிதழ் கொடுப்பது நம் வீடுகளில் பழக்கம். சத்தம் திடீரென்று அடங்கி, சில விநாடிகள் மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு திணறலோடு உலுக்கிக்கொள்கிறாரா என்று பார்க்க வேண்டும். அதுதான் ஸ்லீப் ஆப்னியா. எடை ஏறினால் கொழுப்பு வயிற்றோடு நிற்பதில்லை. நாக்கிலும் தொண்டைச் சுவரிலும் சேர்கிறது. தூக்கத்தில் தசைகள் தளர்ந்ததும் குறுகிப்போன அந்த வழி அடைபடுகிறது. மல்லாந்து படுத்தால் இன்னும் மோசம். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கிறது. 10 விநாடியாவது நீடிக்கும் தடையைத்தான் கணக்கில் எடுப்பார்கள். மணிக்கு 30 முறை என்றால் தீவிரம். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்தவரைக் கேட்டால் தெரியும்.

இதில் மலைக்கு என்ன வேலை? ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. சுவிட்சர்லாந்தில் சமவெளியில் வாழும் ஆப்னியா நோயாளிகளை, தொண்டை அடைபடாமல் முகமூடி வழியே காற்றை அழுத்திச் செலுத்தும் சி-பாப் கருவி இல்லாமல் மலையில் தங்கவைத்து ஆராய்ந்தார்கள். 1,860 மீட்டரிலேயே மூச்சுத்தடைகள் கூடின. தொண்டை திறந்தே இருக்க, மூச்சு விடும் கட்டளையை மூளை அனுப்பாமல் விடும் வகைதான் அங்கே அதிகரித்தது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை அதைவிடத் தாழ்வு. பயணத்தையே கைவிடத் தேவையில்லை. ஆனால், சனிக்கிழமை ராத்திரி விடுதி அறையில் உள்ளே போகும் மது, தளர்ந்த தொண்டையை மேலும் தளர்த்தும். அப்படித் தூங்கியவர்தான் ஞாயிறன்று தூக்கக் கலக்கத்தோடு ஸ்டீயரிங் பிடித்து அந்த 20 வளைவுகளிலும் இறங்குகிறார். எனக்கு மலையின் உயரத்தைவிட இதுதான் பயம்.

எடைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவின் விஸ்கான்சினில் அளந்து 2000-இல் வெளியிட்டார்கள். எடை 10 சதவீதம் கூடினால் மூச்சுத்தடைகள் சுமார் 32 சதவீதம் கூடுகின்றன. அதே அளவு இறங்கினால் சுமார் 26 சதவீதம் குறைகின்றன. தமிழ்நாட்டுப் பெண்களில் பத்தில் நான்கு பேர் அதிக எடையினர் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஆண்களும் அதிகம் பின்தங்கவில்லை. ஒல்லியானவர்களும் தப்பிவிட முடியாது. சிறிய தாடை அமைந்தவர்களுக்கும் ஆப்னியா வரும்.

எடை குறைக்கும் டிர்செபடைடு ஊசியை, உடல் பருமனோடு வரும் ஆப்னியாவுக்காகவும் அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது. ஊசி போட்ட வாரமே குறட்டை நின்றுவிடாது. எடை இறங்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சி-பாப்தான் துணை. ஏற்காட்டுக்குப் பெட்டி கட்டும்போது ஸ்வெட்டருக்கு முன்னால் அதை வையுங்கள். அறை பதிவு செய்யும்போதே, கரண்ட் போனால் ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் ஓடுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.