மன்னாருக்கு வந்த கொசு

இலங்கையை மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் அறிவித்தது. 1934–35 கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேரைப் பறிகொடுத்த தீவுக்கு அது பெரிய வெற்றி. ஆனால் 2016 முடிவதற்குள், அதுவரை அங்கே காணப்படாத அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசு மன்னார்த் தீவில் அகப்பட்டது. சென்னையின் கிணறுகளிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் முட்டையிட்டு நகர மலேரியாவைப் பரப்பும் அதே கொசுதான் இது. ஆற்றோரக் குட்டைகளை நம்பி வாழ்ந்த இலங்கையின் பழைய மலேரியாக் கொசுவைப் போலன்றி, இதற்கு நகரத்து நல்ல தண்ணீரே போதும்.

மன்னாரின் பேசாலையில் எடுத்த கொசுப்புழுக்களை வளர்த்து ஆய்வாளர்கள் மரபணுவைப் படித்தார்கள். அது இந்தியாவிலும் மத்திய கிழக்கிலும் உள்ள ஸ்டீபன்சியோடு பொருந்தியது. உடலமைப்பு அளவுகள் இந்திய நகர வகையைக் காட்டின. மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுவில் மட்டும் ஓரெழுத்து மாறியிருந்தது. பெரும் குவியலிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளி விதைத்தால், அந்தப் பிடியில் தற்செயலாகச் சிக்கிய கலப்பு நெல்லும் வயல் முழுக்கத் தலைகாட்டும். சில கொசுக்கள் மட்டும் வந்து பெருகிய தீவிலும் அப்படித்தான். அந்த ஓரெழுத்து இத்தகைய தொடக்கத்தின் தடயமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

ஓரெழுத்தை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்பது நியாயம். அது தனியே எதையும் நிரூபிக்காது. அதனால்தான் இந்தியா, இலங்கை என இரு கரையிலும் பல ஊர்களின் கொசுக்களை ஒப்பிட வேண்டும். எப்படி வந்தாலும் மருந்து ஒன்றுதானே என்பது அடுத்த கேள்வி. மருந்து ஒன்றாக இருக்கலாம், அதை அடிக்க வேண்டிய இடம் ஒன்றல்ல. ஒரே முறை வந்த கூட்டமென்றால் தீவுக்குள்ளேயே வேரறுக்கலாம். திரும்பத் திரும்ப வருகிறதென்றால், பூச்சிமருந்தைத் தாங்கும் மரபணுக்களும் கூடவே வரும். அப்போது இக்கரையைக் கவனிக்காமல் அக்கரையில் செலவழிப்பது வீண். நோயே இல்லாதபோது எதற்கு இந்தக் கவலை என்போருக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டி பதில் சொல்கிறது. ஸ்டீபன்சி அங்கே கண்டறியப்பட்ட 2012இல் மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020இல் 70,000 பேருக்கும் மேல்.

ஆகவே கொசு ஒழிப்பில் இந்தியாவும் இலங்கையும் மரபணுத் தகவலைப் பகிர்ந்துகொள்வது அவசியம். மாமல்லபுரம் முதல் ராமேஸ்வரம் வரை வீடும் விடுதியும் நடத்துவோர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை: கிணற்றையும் தொட்டியையும் கொசு நுழையாதபடி இன்றே மூடுங்கள்.