முன் அனுபவம் இல்லாதவருக்கு என்ன மதிப்பெண்?

அரசு ஒப்பந்தத்தை யாருக்கு வழங்குவது என்பதை விலை மட்டுமே தீர்மானிப்பதில்லை. 'இவர் இப்பணியைச் செய்து முடிப்பார் என்று நம்பலாமா?' என்ற கேள்வியும் தீர்மானிக்கிறது. அந்த நம்பிக்கை எப்படி அளக்கப்படுகிறது என்பது தலித் தொழில்முனைவோருக்கு வாழ்வாதாரப் பிரச்சினை.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இதற்கெனத் தரநிலைகளை வகுத்துள்ளது. ஒப்பந்தப்புள்ளி அளித்தவரின் முந்தைய பணிகள் எவ்வளவு அண்மையானவை, இப்பணியோடு எவ்வளவு தொடர்புடையவை, எவ்வளவு தரமாக முடிக்கப்பட்டன என்று ஆராய்ந்து, 'கணிசமான நம்பிக்கை' தொடங்கி 'நம்பிக்கை இல்லை' வரை நான்கு தரங்களுள் ஒன்றை வழங்குகிறார்கள். ஐந்தாவதாக 'நடுநிலை' என்றொரு தரமும் உண்டு. முன்பணிப் பதிவு இல்லாதவரை அந்த அம்சத்தில் சாதகமாகவோ பாதகமாகவோ மதிப்பிடக்கூடாது என 1994ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவதே அதன் அடிப்படை.

இப்பாதுகாப்பு முழுமையானதன்று. நடுநிலைத் தரம் பெற்றவரைவிட உயர்ந்த தரம் பெற்றவருக்குக் கூடுதல் விலை கொடுத்தும் பணியை வழங்க அங்கு இடமுண்டு. ஆனால், அதற்கான காரணம் எழுத்தில் பதிவாக வேண்டும். தோற்றவர் அம்முடிவை எதிர்த்து முறையிடலாம்.

இந்தியாவிலோ முன் அனுபவமும் விற்றுமுதலும் பெரும்பாலும் தகுதி நிபந்தனைகளாகவே வைக்கப்படுகின்றன. அவற்றை நிறைவு செய்யாதவரின் விலைப்புள்ளி உறை திறக்கப்படுவதே இல்லை. நிலமும் முதலும் தலைமுறைகளாக மறுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வரும் முதல் தலைமுறையினருக்கு இது சாதியைப் பெயர் சொல்லாமல் அடைக்கப்படும் கதவு.

2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை, ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து 4 விழுக்காடு கொள்முதல் செய்ய இலக்கு வைத்தது. தரமும் தொழில்நுட்பத் தேவைகளும் நிறைவேறினால், குறு, சிறு நிறுவனங்களுக்கு முன் அனுபவ, விற்றுமுதல் நிபந்தனைகளைத் தளர்த்தலாம் என்றும் விதி உள்ளது. சிக்கல் அந்தத் 'தளர்த்தலாம்' என்ற சொல்லில்தான் இருக்கிறது: அது அதிகாரியின் விருப்பம், விண்ணப்பதாரரின் உரிமையன்று.

எனவே ஒப்பந்தப்புள்ளி அளிக்கும் முன்பே தளர்வை எழுத்து மூலம் கோருங்கள். நிராகரிக்கப்பட்டால் காரணத்தைக் கேளுங்கள். மதிப்பீட்டுப் பதிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கோருங்கள். டாடா செல்லுலார் வழக்கில் (1994) உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, நீதிமன்றம் முடிவின் சிறப்பை ஆராயாது. முடிவெடுத்த முறையை ஆராயும். அம்முறை நேர்மையற்றதாக இருந்தது என்று காட்ட ஆவணங்களே துணை.

அனுபவமின்மை திறமையின்மை ஆகாது. இதை அதிகாரியின் கருணைக்கு விடாமல், கட்டாய விதியாக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.