தேர் ஊரும் சங்கு ஊரும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கண்டக்டரிடம் மீதிச் சில்லறை வாங்குவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். இரண்டுக்கும் மேற்கே ஒரே மலை. கண்மாய்களும் தென்னந்தோப்புகளும் எது எந்த ஊருக்குச் சேர்ந்தது என்று தெரியாமல் கலந்து கிடக்கும். ஆனாலும் என் சின்ன வயதில் இவை வேறு வேறு நேரத்தில் வாழ்ந்த ஊர்கள். ராஜபாளையத்தை மில் சங்கு எழுப்பியது. ஸ்ரீவில்லிபுத்தூரை ஆண்டாள் கோயில் எழுப்பியது. இன்று இரண்டு ஊரையும் செல்போன் அலாரம் எழுப்புகிறது. ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு பாட்டில். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஒன்றுக்காகக் காத்திருந்த பொழுதுகள் கரைந்துபோனதைத்தான் இந்த ஊர்களின் பெரிய மாற்றமாக நான் நினைக்கிறேன்.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியது 1936-ல். அதன் பின்னால் ஒன்றொன்றாக நூற்பாலைகள் வந்து, விவசாயத்தை நம்பியிருந்த ஊர் ஷிப்ட் கணக்குக்கு மாறியது. சங்கு ஊதினால் அடுப்பில் உலை வைப்பார்கள். அடுத்த சங்குக்குத் தூக்குவாளி நிரம்பியிருக்கும். ஷிப்ட் விடும் நேரத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் சைக்கிள் கூட்டத்தைத் தாண்டிக் குறுக்கே போக முடியாது. தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்க, டீக்கடை பெஞ்சில் தினத்தந்தி கை மாறும். செகண்ட் ஷோ சினிமாவும் மில்லை நம்பித்தான் ஓடியது. வேலை முடிந்து நேராகக் கொட்டகைக்குப் போகிறவர்கள் தூக்குவாளியோடேயே டிக்கெட் வரிசையில் நிற்பார்கள். எம்.ஜி.ஆர். படமா சிவாஜி படமா என்ற சண்டை அந்த வரிசையிலேயே தொடங்கி, மறுநாள் மில்லுக்குள் கதிர் போடும் இடம்வரை நீளும்.

ஆலைகள் இன்றும் ஓடுகின்றன. பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் தறிச் சத்தம் இன்றும் கேட்கிறது. ஆட்கள் வந்து சேரும் விதம் மாறிவிட்டது. சுற்றுக் கிராமங்களுக்கு வேன் போய் ஏற்றிக்கொண்டு வருகிறது. வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை கடைவீதியில் ஒடியாவும் இந்தியும் காதில் விழுகின்றன. செல்போன் ரீசார்ஜ் கடைக்காரர் இரண்டிலும் விலை சொல்லப் பழகிவிட்டார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பி.எஸ்.குமாரசாமி ராஜா நினைவுக்கு வருவார். இந்த ஊர்க்காரர், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர், பிறகு ஒரிசாவின் ஆளுநர். தான் வாழ்ந்த வீட்டையே ஊருக்கு எழுதிக் கொடுத்தார். அது காந்தி கலைமன்றம் ஆனது. இங்கிருந்து ஒருவர் ஒரிசாவை ஆளப் போனார். இன்று அங்கிருந்து பிள்ளைகள் இங்கே நூல் நூற்க வருகிறார்கள். அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து பாட்டுக் கேட்கவும் படிக்கவும் நம் ஊரில் ஓர் இடம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அவர்களை ஊர் இன்னும் விருந்தாளியாகக்கூட ஏற்றுக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் வந்தவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்வது ராஜபாளையத்துக்குப் புதிதில்லை. அப்படி வந்து சேர்ந்த ராஜுக்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசி, தெருவில் தமிழ் பேசி வாழ்ந்தவர்கள். அவர்களில் ஒருவரான மு.கு.ஜகந்நாத ராஜா பன்மொழிப் புலவர். கிருஷ்ணதேவராயர் ஆண்டாளைப் பற்றித் தெலுங்கில் எழுதிய ஆமுக்தமால்யதா காவியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அதற்குச் சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. பக்கத்து ஊர்ப் பெண்ணின் கதை விஜயநகரம்வரை போய், தெலுங்கில் காவியமாகி, ராஜபாளையத்துக்காரர் கையால் வீடு திரும்பியது. இரண்டு ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. அறிந்த பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம். ஆடிப்பூரம் என்றால் இந்தப் பக்கம் தேர்தான். ஐந்தாம் நாள் ஐந்து கருட சேவை, ஏழாம் நாள் கிருஷ்ணன் கோயிலில் ஆண்டாள் மடியில் ரெங்கமன்னார் தலை வைத்துப் படுத்திருக்கும் சயன சேவை என்று திருவிழா ஏறிக்கொண்டே போகும். பூரத்தன்று பெரிய தேர் வடம் பிடிக்கப்படும். தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று அது. மரச் சக்கரங்கள் இருந்த காலத்தில் அது ஒரே நாளில் நிலைக்கு வந்ததில்லை. கொஞ்ச தூரம் நகரும், நின்றுவிடும். சக்கரம் மண்ணில் இறங்கும், திருப்பத்தில் அடம் பிடிக்கும். மறுநாள் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து இழுப்பார்கள். நாட்கணக்கில், வாரக்கணக்கில் ரத வீதிகளில் ஏதோ ஓர் இடத்தில் தேர் நின்றுகொண்டிருக்கும்.

அந்த நிற்கும் தேர்தான் என் நினைவில் இருப்பது. என் அத்தை வீடு அங்கே. ராஜபாளையத்திலிருந்து போனவுடன் முதல் கேள்வி, “தேரு எங்க நிக்குது அத்தை?” என்பதுதான். வாசலில் தேர் நிற்கும் வீட்டுக்காரர்களுக்குப் பெருமை பிடிபடாது. வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் அவர்கள் வீட்டுத் தண்ணீர்தான். கையால் பிடித்தால் பிடிக்குள் அடங்காத தேங்காய் நார் வடம் தெருவில் நீளக் கிடக்கும். அதன்மேல் வரிசையாக உட்கார்ந்து நாங்கள் முறுக்குத் தின்போம். உள்ளங்கையில் நார் குத்திக்கொண்டே இருக்கும். சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடுகிறவர்களை மட்டும் கிட்டே போய்ப் பார்க்க விடமாட்டார்கள். தேர் அசையும்போது குனிந்து கட்டையைக் கொடுத்து, சக்கரம் ஏறுமுன் கையை இழுத்துக்கொள்ள வேண்டிய வேலை. ஒவ்வொரு முறையும் அவர்கள் நிமிரும்வரை தெரு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

பின்னாளில் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன. இப்போது காலையில் வடம் பிடித்தால் அன்றே தேர் நிலைக்கு வந்துவிடுகிறது. இதை நான் குறை சொல்லமாட்டேன். முட்டுக்கட்டை போடுகிறவர் வீட்டில் அன்று இருந்த கலக்கம் இன்று இல்லை. ஒரு விழாவுக்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் அந்த நாட்களில் தேருக்குக் கிராமத்து ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் வராவிட்டால் ஆண்டாள் நடுத்தெருவில்தான். அந்த உரிமையும் பொறுப்பும் அவர்கள் பேச்சில் தெரியும். “நாங்க வந்துதான் நகத்துனோம்” என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இன்று வடத்தில் ஒரு கையை வைத்து மறு கையால் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கூட்டம் அன்றைவிடப் பெரியது, பெண்கள் அதிகம் வருகிறார்கள், அது எனக்கு மகிழ்ச்சி. வந்த கூட்டம் மதியச் சாப்பாட்டுக்குள் கலைந்துவிடுகிறது என்பதுதான் வருத்தம்.

வேகம் தொடாத வேலைகளும் அதே கோயிலுக்குள் இருக்கின்றன. ஆண்டாளின் தோளில் சாத்தும் கிளியை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டுகிறார்கள். மரவள்ளி இலையில் உடல், மாதுளம் பூவில் மூக்கு, காக்காப்பொன்னில் கண். இலையை மடித்து, நாரால் சுற்றி, இறகு இறகாக அடுக்க மணிக்கணக்கில் ஆகிறது. மறுநாள் அந்தக் கிளி யாரோ ஒரு பக்தரின் கைக்குப் போய்விடும். இங்கே அடுத்த கிளி தொடங்கியிருக்கும். வேறு எந்தக் கைவினையிலும் இப்படி தினமும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும் ஒழுக்கத்தை நான் கண்டதில்லை. மார்கழியில் அரையர் சேவையும் அப்படித்தான். ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று மிகச் சில தலங்களில் மட்டும் உயிரோடிருக்கும் கலை அது. கூம்பிய குல்லாயும் கைத்தாளமுமாக அரையர் பாசுரத்தைப் பாடி, அபிநயம் பிடித்து, உரை சொல்கிறார். முத்துக்குறி என்ற பகுதியில் தாயாகவும் மகளாகவும் குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் ஒருவரே மாறுகிறார். மைக் இல்லை, மேடை விளக்கு இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சொற்பம். வெளியே அதே மார்கழி விடியலில், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் இசையமைத்து எம்.எல்.வசந்தகுமாரி பாடிய திருப்பாவை ஊரெல்லாம் கேட்கிறது. அன்று குழாய் ஒலிபெருக்கியிலும் ரேடியோவிலும் வந்தது இன்று காரிலும் செல்போனிலும் வருகிறது. அந்தக் குரலால் திருப்பாவை உலகமெங்கும் போனது நல்லதே. அரையர் கலையும் பிழைக்க வேண்டுமானால் உள்ளூர் இளைஞர்கள் ஒரு மார்கழி இரவாவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பால்கோவாவின் கதை வேறு மாதிரி. அன்று அது ஊருக்குப் போனவர்கள் வாங்கி வரும் பண்டம். சாமி கும்பிட்டு, கடையில் நின்று, இளஞ்சூட்டோடு பொட்டலம் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரவேண்டும். தயாரிப்பில் ரகசியம் ஒன்றுமில்லை. பால், சர்க்கரை, விறகுத் தீ, கை ஓயாமல் கிண்டுவது. 10 லிட்டர் பால் சுண்டிச் சர்க்கரையும் சேர்ந்து மூன்று, மூன்றரைக் கிலோவுக்கு இறங்கும்வரை வாணலியை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் அடி பிடித்துவிடும். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது இணையத்தில் பணம் கட்டினால் கூரியரில் எந்த ஊருக்கும் வருகிறது. மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கு இதனால் நாலு காசு சேர்ந்தால் நல்லது. ஆனால் நெடுஞ்சாலையில் பல ஊர்க் கடைகளிலும் ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ என்ற பலகை தொங்குகிறது. வாயில் வைத்தால் வெறும் இனிப்பு மட்டும். சுண்டிய பாலின் மணல் போன்ற பதமும் புகை வாசமும் அதில் இல்லை.

இரண்டு ஊர்ச் சுவர்களிலும் அன்று தூரிகையால் எழுதிய விளம்பரங்கள் இருந்தன. ஃப்ளெக்ஸ் வந்து எழுதுகிறவர்களின் வேலையை எடுத்துக்கொண்டது. தோட்டக் காவலுக்கு நின்ற வெள்ளை ராஜபாளையம் நாய், 2005-ல் தபால் தலையில் ஏறி, இன்று ரீல்ஸில் ஓடுகிறது. அதன் மதிப்பு கூடியது எனக்குப் பிடிக்கும், ஃபிளாட் பால்கனியில் கட்டிப்போடுவது பிடிக்காது. விடுமுறைக்குச் சோற்று மூட்டையோடு ஏறிப்போன செண்பகத்தோப்புக் காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கிவிட்டது. நினைத்த நேரத்தில் போக முடியாதுதான். அணில்களுக்கு அது நல்லது, ஆகவே நமக்கும்.

காத்திருத்தல் இன்னும் மிச்சமிருக்கும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரின் பென்னிங்டன் நூலகம் 1875-ல் தொடங்கியது. அன்று பெரியவர்கள் ஹிண்டு பேப்பருக்காக முறை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். கையில் பேப்பர் வைத்திருப்பவரைப் பார்த்துக் கனைப்பதுதான் முறை கேட்பதற்கான வழி. இன்று டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிற பெண்களும் பையன்களும் வருகிறார்கள், தண்ணீர் பாட்டிலும் குறிப்பு நோட்டுமாக. பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். பேசிக்கொள்வதில்லை, ஆனால் வராதவரின் நாற்காலியைப் பிடித்து வைக்கிறார்கள்.

இப்போது திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம்வரை நான்குவழிச் சாலை வருகிறது. குற்றாலச் சீசனுக்குப் போகிற கார்கள் இனி ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதிக்குள் நுழைய வேண்டியதில்லை. ஆடிப்பூரமும் குற்றாலச் சாரலும் ஒரே மாதத்தில் வருவதால் அன்றைக்கு இரண்டு கூட்டமும் ஒரே தெருவில் கலந்தது. பால்கோவாக் கடைகள் வளர்ந்ததில் அந்தக் கலப்புக்கும் பங்குண்டு. கடைக்காரர்களிடம் இப்போதைய பேச்சே இதுதான். பைபாஸில் ஒரு கிளை போடலாமா, போட்டால் அடுப்பையும் அங்கே கொண்டுபோவதா, இங்கே கிண்டி அங்கே விற்பதா என்று கணக்குப் பார்க்கிறார்கள். அடுப்பு ஊருக்குள்ளேயே இருக்கட்டும் என்று எனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.