மொழித்தரவு ஆய்வில் கை-வர்க்கச் சோதனை

மொழித்தரவுத் தொகுப்புகளை ஒப்பிடும் ஆய்வுகளில், கார்ல் பியர்சன் 1900இல் வெளியிட்ட கை-வர்க்கச் சோதனை பெரிதும் கையாளப்படுகிறது. இரு தொகுப்புகளுக்கிடையே உண்மையில் வேறுபாடே இல்லை எனக் கொண்டால், கிடைத்த அளவு வேறுபாடு தற்செயலாகத் தோன்றுவது எத்துணை அரிது என்பதையே இச்சோதனை காட்டும். அவ்வேறுபாடு மொழியியல் நோக்கில் பொருட்படுத்தத் தக்கதா என்பதை அது காட்டாது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மொழிபெயர்ப்பு உரைநடையில் 'படு' என்னும் துணைவினை பெற்ற செயப்பாட்டுவினை மிகுதி என்னும் கருதுகோள் சோதிக்கப்படுவதாகக் கொள்ளலாம். பத்து இலட்சம் சொற்கள் கொண்ட மொழிபெயர்ப்புத் தொகுப்பில் அது 1,100 முறையும், அதே அளவுள்ள நேர்த்தமிழ்த் தொகுப்பில் 1,000 முறையும் வருமாயின், கை-வர்க்க மதிப்பு ஏறத்தாழ 4.8 ஆகும். இது 5 விழுக்காட்டு நிலைக்குரிய எல்லையான 3.84ஐ விட மிகுதி. எனவே கருதுகோள் நிறுவப்பட்டதாகத் தோன்றும். தொகுப்புகள் ஓர் இலட்சம் சொற்களாகக் குறைந்து, எண்ணிக்கை 110, 100 என அமையின் மதிப்பு 0.48 மட்டுமே. விகிதம் மாறவில்லை, முடிவு மாறிவிட்டது. தொகுப்பு பெருகப் பெருக மிகச் சிறிய வேறுபாடும் எல்லையைக் கடக்கும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. எண்ணப்படும் ஒவ்வொரு நிகழ்வும் பிறவற்றைச் சாராதது என்பது இச்சோதனையின் அடிப்படை. மொழியில் இது பொருந்துவதில்லை. பிரவுன் தொகுப்பும், அதனை ஒட்டி உருவான கோலாப்பூர் இந்திய ஆங்கிலத் தொகுப்பும் ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட 500 பகுதிகளால் ஆனவை. ஒரே பகுதிக்குள் ஒரு வடிவம் ஒருமுறை வந்தால் மீண்டும் வரும் வாய்ப்பு மிகுதி. மேற்கண்ட எடுத்துக்காட்டில் மிகையான 100 நிகழ்வுகளும் சில சட்ட உரைகளிலிருந்தே வந்தனவாயின், அவை சட்டநடையின் இயல்பைக் காட்டுமேயன்றி மொழிபெயர்ப்பின் இயல்பைக் காட்டா. ஆகவே பனுவல்தோறும் வீதம் கணக்கிட்டு, அவ்வீதங்களை மான்-விட்னி தரவரிசைச் சோதனையால் ஒப்பிடுவது பொருத்தமானது.

தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழியில் ஒரே வினையடி பல வடிவங்களில் வருவதால் ஒவ்வொரு வடிவத்தின் எண்ணிக்கையும் சிறுத்துவிடும். எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஐந்திற்குக் குறையும்போது கை-வர்க்க மதிப்பு நம்பத்தக்கதன்று. அங்கு ஃபிஷரின் துல்லியச் சோதனை ஏற்றது. எண்ணப்படுவது அடிச்சொல்லா, சொல்வடிவமா என்பதையும் எண்ணத் தொடங்குமுன் வரையறுத்தல் வேண்டும்.

ஆய்வேட்டில் சோதனை மதிப்பை மட்டும் தருவது போதாது. ஆயிரம் சொற்களுக்கான வீதம், பனுவல்களின் எண்ணிக்கை, அவ்வடிவம் இடம்பெற்ற பனுவல்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும் தருதல் வேண்டும். அப்போதுதான் 1.0க்கும் 1.1க்கும் உள்ள வேறுபாட்டை மொழிபெயர்ப்புத் தமிழின் தனிக்கூறு எனக் கொள்ளலாமா என்பதைப் படிப்போர் தாமே மதிப்பிட இயலும்.